கிடந்த இயந்திரமும் கெட்டுப்போன பெற்றோலும்

நீண்ட காலத்தின் பின் தன் காணிக்குத் திரும்பும் விவசாயக் குடும்பம் முதலில் பார்ப்பது கிணற்றை. அடுத்துப் பார்ப்பது நீரிறைக்கும் இயந்திரத்தை. கிணற்றைக் கலக்கி இறைத்துத் துப்புரவாக்கிவிடலாம். ஆனால் மாதக்கணக்காக, சில வேளை வருடக்கணக்காகச் சும்மா கிடந்த இயந்திரம் கயிற்றை எத்தனை தரம் இழுத்தாலும் ஸ்ராட் ஆகாது. "எஞ்சின் பழுது, இனிச் சரிவராது" என்று பக்கத்தில் நிற்பவர் ஒருவர் சொல்லுவார். பழைய இரும்பு வாங்க வருபவர் படலையடியில் நிற்பார். கடன்பட்டு வாங்கிய இயந்திரம் இரும்பின் நிறைக்கு விலை போய்விடும். அந்தப் போகம் அந்தக் குடும்பத்துக்குத் தோட்டம் இல்லை.

இப்படி விற்கப்படும் இயந்திரங்கள் எல்லாம் உண்மையில் பழுதானவை அல்ல. பெரும்பாலும் பழுதானது அவற்றின் உள்ளே விடப்பட்ட பெற்றோலே. அதை வெளியேற்றி, பெற்றோல் செல்லும் வழியைத் துப்புரவாக்கினால் பல இயந்திரங்கள் மீண்டும் ஓடும். இதுவே இந்தப் பாடத்தின் சாரம். பெற்றோல் ஏன் கெடுகிறது, கிடந்த இயந்திரத்தை எப்படி மீண்டும் இயக்குவது, நிறுத்தி வைக்கும்போது என்ன செய்வது, பழைய பெற்றோலால் வரும் ஆபத்துகள் எவை என்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இது எமக்குப் புதிய பிரச்சினை அல்ல. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதிலிருந்தும், 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னியிலிருந்தும் எமது குடும்பங்கள் வெளியேறின. இயந்திரத்தைக் கிணற்றடியிலேயே விட்டுச் சென்றவர்கள் உண்டு. சைக்கிளில் கட்டி இழுத்துச் சென்றவர்களும், மண்ணில் புதைத்துவிட்டுச் சென்றவர்களும் உண்டு. பின்னர் 2022 இல் நாடு முழுவதும் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது, வரிசையில் நின்று வாங்கிய பெற்றோலைக் கான்களில் சேர்த்து வைத்தோம். இந்தச் சந்தர்ப்பங்கள் எல்லாவற்றிலும் எமது இயந்திரங்களில் நடந்தது ஒன்றே: பெற்றோல் நாட்பட்டது.

1. பெற்றோல் எப்படிக் கெடுகிறது?

பெற்றோல் தண்ணீரைப் போல ஒரே பொருள் அல்ல. அது பல நூறு வகையான எண்ணெய்கள் சேர்ந்த கலவை. அவற்றில் சில மிக இலேசானவை, சில பாரமானவை. அது மூன்று வழிகளில் கெடுகிறது.

முதலாவது, ஆவியாதல். தாங்கியின் மூடியில் காற்றுப் போகச் சிறு துவாரம் உண்டு. வெயிலில் நிற்கும் இயந்திரத்திலிருந்து இலேசான எண்ணெய்கள் அந்தத் துவாரத்தால் ஆவியாகிப் போகின்றன. குளிர்ந்திருக்கும் இயந்திரம் முதல் இழுவையில் தீப்பிடிப்பதற்கு இந்த இலேசான எண்ணெய்களே வேண்டும். அவை போனபின் மிஞ்சுவது பார்வைக்குப் பெற்றோல் போலவே இருந்தாலும் இலகுவில் ஸ்ராட் ஆகாது.

இரண்டாவது, காற்றோடு சேர்ந்து மாறுதல். நாட்பட்ட தேங்காயெண்ணெய் நாற்றமெடுப்பது எமக்குத் தெரியும். பெற்றோலிலும் அப்படியே நடக்கிறது. நிறம் மங்கிக் கடுமையாகிறது. புளித்த, காரமான ஒரு மணம் வருகிறது. பின்னர் வேப்பம் பிசின் போன்ற ஒட்டும் படிவு உண்டாகிறது. இந்தப் பிசின்தான் இயந்திரத்தின் பெரிய எதிரி. காபரேற்றரின் உள்ளே பெற்றோலை அளந்து விடுவதற்கு ஜெற் எனப்படும் சிறு பித்தளைத் துண்டு இருக்கிறது. அதன் துவாரம் பல சிறு இயந்திரங்களில் ஒரு மில்லிமீற்றரிலும் குறைவானது. சிறிதளவு பிசின் படிந்தாலும் அது அடைபட்டுவிடும்.

மூன்றாவது, தண்ணீர். அரைவாசி வெறுமையான தாங்கியில் இருக்கும் காற்று இரவில் குளிரும்போது உட்சுவரில் பனித்துளி போல நீர் பிடிக்கிறது. மாரியில் மூடியின் வழியாகவும் நீர் இறங்கலாம். நீர் பெற்றோலிலும் பாரமானது. அடியில் போய் நிற்கும். காபரேற்றருக்குப் பெற்றோல் போவதும் அடியிலிருந்தே. ஆகவே இயந்திரத்துக்கு முதலில் போவது அந்த நீர்தான். இரும்புத் தாங்கி துருப்பிடிப்பதும் இதனாலேயே.

2. எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

பெற்றோலை நன்றாக மூடிய கலனில், நிழலில், கலன் நிறைய வைத்திருந்தால் அது நெடுநாள் இருக்கும். மூடியைத் திறந்து பாவிக்கத் தொடங்கிய பின் 20 பாகை வெப்பநிலையில் ஏறத்தாழ 6 மாதமும், 30 பாகையில் ஏறத்தாழ 3 மாதமும் நிற்கும் என்பது பொதுவான கணக்கு. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், மட்டக்களப்பு போன்ற எமது இடங்களுக்கு 30 பாகைக் கணக்கே பொருந்தும். இயந்திரத்தின் தாங்கியில் உள்ள பெற்றோலுக்கு ஒரு மாதம் என்று வைத்துக்கொள்வது நல்லது.

மருந்து தெளிக்கும் இயந்திரம், மரம் அரியும் சங்கிலி வாள் ஆகியவற்றுக்குப் பெற்றோலோடு எஞ்சின் ஒயில் கலந்து விடுகிறோம். இந்தக் கலவையையும் ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். அன்றைய வேலைக்குத் தேவையான அளவை மட்டும் கலவுங்கள். 25 க்கு 1 என்று கையேட்டில் இருந்தால் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 40 மில்லிலீற்றர் ஒயில். 50 க்கு 1 என்று இருந்தால் 20 மில்லிலீற்றர்.

மண்ணெண்ணெயும் டீசலும் பெற்றோலைப் போல விரைவில் கெடுவதில்லை. ஆனால் அவற்றின் அடியிலும் தண்ணீர் சேரும். டீசலும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் வளர்ந்து, கறுத்த சளி போலாகி வடியை அடைக்கும். பல மாதம் நின்ற இரு சில்லு உழவு இயந்திரத்தை ஓட்டுவதற்கு முன், தாங்கியின் அடியில் உள்ள ஆணியைக் கழற்றிச் சிறிதளவு டீசலைக் கண்ணாடிப் போத்தலில் விட்டுப் பாருங்கள். அடியில் நீர் தெரிந்தால், தெளிந்த டீசல் வரும்வரை விட்டுவிட்டு வடியையும் மாற்றுங்கள்.

3. மண்ணெண்ணெய் இயந்திரத்தில் மறைந்திருக்கும் பழைய பெற்றோல்

1990 களில் வடக்குக்குப் பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில் நாம் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் ஓட்டப் பழகினோம். ஒரு சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலை விட்டு ஸ்ராட் செய்து, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட்டியதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்ட நீரிறைக்கும் இயந்திரங்களும் எம்மிடம் பல உண்டு. 2022 ஓகஸ்ற் மாதத்தில் மண்ணெண்ணெய் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டதோடு அதன் மலிவு போய்விட்டது. ஆயினும் இயந்திரங்கள் இருக்கின்றன.

இந்த இயந்திரத்தில் இரண்டு தாங்கிகள் உண்டு. பெரியதில் மண்ணெண்ணெய்; சிறியதில் பெற்றோல். சிறிய தாங்கியில் உள்ள பெற்றோல் தொடங்குவதற்கு மட்டுமே செலவாவதால், ஒரு முறை நிரப்பினால் மாதக்கணக்கில் கிடக்கும். மண்ணெண்ணெய் புதியதாக இருந்தும் இயந்திரம் ஸ்ராட் ஆகாவிட்டால், முதலில் அந்தச் சிறிய தாங்கியைச் சந்தேகியுங்கள். அதில் எப்பொழுதும் சிறிதளவு மட்டும் விடுங்கள்.

இன்னொரு பழக்கமும் வேண்டும். வேலை முடிந்து இயந்திரத்தை நிறுத்துவதற்குச் சில நிமிடங்களுக்கு முன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றி ஓட்டிய பின்பே நிறுத்த வேண்டும். மண்ணெண்ணெயில் ஓடும்போதே நிறுத்தினால் காபரேற்றரில் மண்ணெண்ணெய் நின்றுவிடும். மறுநாள் குளிர்ந்த இயந்திரம் அதில் தீப்பிடிக்காது. அத்தோடு, எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலோடு கலக்கும். ஒயில் அளவு கூடியிருந்தாலோ, மண்ணெண்ணெய் மணம் வந்தாலோ உடனே மாற்றுங்கள்.

4. மதுசாரம் கலந்த பெற்றோல்

கரும்பு, சோளம், அரிசி போன்றவற்றிலிருந்து எடுக்கப்படும் எதனோல் என்ற மதுசாரத்தைப் பெற்றோலோடு கலந்து விற்பது இன்று பல நாடுகளில் வழக்கம். பிரேசில் இதற்கான தேசியத் திட்டத்தை 1975 இல் தொடங்கியது. இந்தியாவில் இந்தக் கலப்பு 2022 இல் நூற்றுக்கு 10 பங்கையும் 2025 இல் 20 பங்கையும் எட்டியது. தமிழ்நாட்டு முகாம்களில் வாழும் எமது உறவினர் மோட்டார் சைக்கிளுக்கு நிரப்புவது இத்தகைய பெற்றோலே. அங்கிருந்து திரும்பி வருபவர்களும் அங்கே உறவினர் உள்ளவர்களும் இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

மாரிகாலத்தில் திறந்து வைத்த உப்பு கசிவதைப் பார்த்திருக்கிறோம். காற்றிலுள்ள ஈரத்தை உப்பு இழுக்கிறது. மதுசாரமும் அப்படியே ஈரத்தை இழுக்கும். தொடக்கத்தில் அந்த நீர் பெற்றோலோடு கலந்தே நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. நூற்றுக்கு 10 பங்கு மதுசாரம் உள்ள ஒரு லீற்றர் பெற்றோல் ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலீற்றர் நீரை இப்படித் தாங்கும். அதற்கு மேல் போனால், அல்லது இரவில் குளிர் கூடினால், நீரும் மதுசாரமும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். மேலே நிற்கும் பெற்றோல் தன் வலுவில் ஒரு பங்கை இழந்திருக்கும். அடியில் நிற்பதில் இயந்திரம் ஒழுங்காக ஓடாது, அது உலோகத்தை அரிக்கும். இப்படிப் பிரிந்ததை எவ்வளவு குலுக்கினாலும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது.

பழைய வாகனங்களுக்கு வேறு தொல்லைகளும் உண்டு. பழைய வகை றப்பர்க் குழாய்களும் வளையங்களும் மதுசாரத்தில் ஊறி வீங்கும்; பின்னர் வெடிக்கும். தாங்கியில் நெடுங்காலம் ஒட்டியிருந்த அழுக்கு கழன்று வந்து வடியை அடைக்கும். சிறு இயந்திரங்களைச் செய்யும் கம்பனிகள் பல நூற்றுக்கு 10 பங்குக்கு மேல் மதுசாரம் கூடாது என்று கையேட்டில் எழுதியுள்ளன. அந்தப் பெற்றோலையே பாவிக்க வேண்டியிருந்தால் சிறிது சிறிதாக வாங்குங்கள். தாங்கியில் மாதக்கணக்கில் விட்டுவிடாதீர்கள்.

பெற்றோலில் மதுசாரம் உண்டா என்பதை நாமே பார்க்கலாம். ஒடுங்கிய கண்ணாடிப் போத்தலில், ஊசி நீக்கிய சிறிஞ்சினால் அளந்து 10 மில்லிலீற்றர் தண்ணீர் விட்டு, நீர் நிற்கும் மட்டத்தில் கோடு போடுங்கள். அதன்மேல் 100 மில்லிலீற்றர் பெற்றோல் விட்டு மூடி, நன்றாகக் குலுக்கி, பத்து நிமிடம் நிமிர்த்தி வையுங்கள். அடியில் நிற்கும் நீர் அதே கோட்டில் இருந்தால் மதுசாரம் இல்லை. கோட்டுக்கு மேல் உயர்ந்திருந்தால் மதுசாரம் உண்டு. இதை வெளியிலே, நெருப்பு இல்லாத இடத்தில் செய்யுங்கள். பார்த்த பெற்றோலைத் திரும்பத் தாங்கியில் விட வேண்டாம்.

5. கிடந்த இயந்திரத்தை மீண்டும் இயக்குதல்

இதற்கு ஒரு பிளக் சாவி, இரண்டு மூன்று ஸ்பானர், ஒரு ஸ்குறூ டிறைவர், சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம், ஒரு கண்ணாடிப் போத்தல் ஆகியவை போதும். அவசரப்பட்டுக் கயிற்றை இழுக்க வேண்டாம். அடுப்பு, பீடி, விளக்கு எதுவும் இல்லாத திறந்த வெளியில் வேலையைத் தொடங்குங்கள்.

(அ) முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். அந்தத் துவாரத்தினுள் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு, கயிற்றை மெதுவாக இழுத்துப் பாருங்கள். சுற்றினால் நல்லது. இறுகியிருந்தால் பலவந்தம் பண்ணாமல் ஒரு நாள் ஊறவிட்டு மறுபடியும் பாருங்கள்.

(ஆ) தாங்கியில் உள்ள பெற்றோலை முழுவதும் வெளியே எடுங்கள். சிறிதளவைக் கண்ணாடிப் போத்தலில் விட்டு வெளிச்சத்தில் பாருங்கள். நிறம் கடுமையா, மணம் புளித்ததா, அடியில் வேறு படை நிற்கிறதா, துருத்தூள் இருக்கிறதா?

(இ) கால் லீற்றர் புதிய பெற்றோலால் தாங்கியைக் கழுவுங்கள். உள்ளே துரு இருந்தால் தாங்கியைக் கழற்றி, ஒரு பிடி சிறு நட்டுகளை எண்ணிப் போட்டுக் குலுக்கிக் கழுவலாம். எத்தனை போட்டோமோ அத்தனையும் வெளியே வந்தனவா என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

(ஈ) பெற்றோல் குழாயை மடித்துப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தால் புதியது போடுங்கள்.

(உ) காபரேற்றரின் அடியிலுள்ள கிண்ணத்தைக் கழற்றுங்கள். பிசின் படிந்திருந்தால் புதிய பெற்றோலில் ஊறவைத்துத் துடையுங்கள். ஜெற்றைக் கழற்றி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். துவாரம் வட்டமாகத் தெளிவாகத் தெரிய வேண்டும். அடைபட்டிருந்தால் கம்பியோ தையல் ஊசியோ விட்டுக் குத்த வேண்டாம். பித்தளை மென்மையானது, துவாரம் பெருத்தால் இயந்திரம் எப்பொழுதும் கூடுதலாகப் பெற்றோல் குடிக்கும். மீன் வலைக்குப் பாவிக்கும் மெல்லிய தங்கூசி நூலை விட்டு எடுத்து, சைக்கிள் பம்மினால் காற்றடியுங்கள். கழற்றிய சாமான்களை ஒரு தட்டில் கழற்றிய ஒழுங்கில் வைத்தால் பூட்டும்போது தடுமாற்றம் வராது.

(ஊ) காற்று வடியைத் திறந்து பாருங்கள். எலி கூடு கட்டியிருக்கும். புகைக் குழாயினுள் குளவி மண்ணால் அடைத்திருக்கும். இவை இருந்தால் எவ்வளவு நல்ல பெற்றோல் விட்டும் பயனில்லை.

(எ) பழைய எஞ்சின் ஒயிலை வடித்துப் புதியதை விடுங்கள். வெள்ளத்தில் மூழ்கிய இயந்திரத்துக்கு இது கட்டாயம். ஒயில் பால் போல வெளுத்திருந்தால் உள்ளே நீர் போயிருக்கிறது. அப்படியானால் புதிய ஒயில் விட்டுச் சிறிது நேரம் ஓட்டியபின் மீண்டும் ஒரு தடவை மாற்ற வேண்டும்.

(ஏ) பிளக்கைக் கம்பித் தூரிகையால் துப்புரவாக்கிக் காயவைத்துப் பூட்டுங்கள். அரை லீற்றர் புதிய பெற்றோல் மட்டும் விடுங்கள். பம்பினுள் தண்ணீர் நிரப்புங்கள். நீரின்றி ஓட்டினால் அதன் சீல் எரிந்துவிடும். இப்பொழுது கயிற்றை இழுங்கள்.

முதலில் வெண்புகை வரலாம். பிளக்கின் வழியாக நாம் விட்ட ஒயில் எரிவதே அது. சில நிமிடங்களில் நின்றுவிடும்.

6. இயந்திரம் காட்டும் குறிகள்

ஸ்ராட் ஆனபின்னும் ஒழுங்காக ஓடாவிட்டால், அது எப்படி ஓடுகிறது என்பதைக் கவனியுங்கள்.

சோக் போட்டால் ஓடுகிறது, சோக்கை எடுத்தால் நின்றுவிடுகிறது என்றால் பெற்றோல் போதாமல் வருகிறது. ஜெற் இன்னும் முழுதாகத் துப்புரவாகவில்லை.

சத்தம் கூடிக் குறைந்து, கூடிக் குறைந்து ஓடினாலும் பெரும்பாலும் அதே காரணம்தான்.

காபரேற்றரிலிருந்து பெற்றோல் வழிகிறது என்றால், பெற்றோலை நிறுத்தும் ஊசி பிசினில் ஒட்டியிருக்கிறது அல்லது அதன் கீழ் தூசி இருக்கிறது. வழியும் இயந்திரத்தை ஓட்ட வேண்டாம், தீப்பிடிக்கும்.

சில நிமிடம் நன்றாக ஓடி நின்று, சிறிது நேரம் கழித்து மீண்டும் ஓடுகிறது என்றால் தாங்கி மூடியின் காற்றுத் துவாரம் அடைபட்டிருக்கலாம். மூடியைச் சற்றுத் தளர்த்திப் பார்த்தால் தெரியும்.

பிளக்கில் பொறி வராவிட்டாலோ, கயிற்றை இழுக்கும்போது எதிர்ப்பே இல்லாமல் இலேசாகச் சுற்றினாலோ அது பெற்றோலின் குற்றம் அல்ல. அப்பொழுது கராஜுக்குக் கொண்டு போகலாம். அங்கேயும் "எஞ்சின் பழுது" என்று பொதுவாகச் சொல்லாமல், என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். தேவையற்ற செலவு குறையும்.

7. நிறுத்தி வைக்கும்போது

ஒரு மாதத்துக்கு மேல் இறைப்பு இல்லை என்றால், மாரி தொடங்கும்போது இதைச் செய்யுங்கள். தாங்கியிலிருந்து குழாய்க்குப் பெற்றோல் போகும் அடைப்பானைப் பூட்டிவிட்டு, இயந்திரம் தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். காபரேற்றர்க் கிண்ணத்தின் அடியிலுள்ள ஆணியைத் தளர்த்தி மிச்சத்தை வடியுங்கள். தாங்கியை வெறுமையாக்கி, அந்தப் பெற்றோலை மோட்டார் சைக்கிளில் விட்டு ஓடித் தீர்த்துவிடுங்கள். பிளக் துவாரத்தில் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு, கயிற்றை இழுத்து இறுக்கம் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். அந்த நிலையில் உள்ளே ஈரம் போகும் வழிகள் மூடியிருக்கும். பலகையின் மேல் உயர்த்தி வைத்துச் சாக்கினால் மூடுங்கள். பொலித்தீனால் இறுகக் கட்டினால் உள்ளே வேர்த்துத் துருப்பிடிக்கும்.

திடீரென வெளியேற வேண்டிய நிலை வெள்ளத்தாலும் வரலாம். வேறு காரணத்தாலும் வரலாம். இயந்திரத்தைக் கொண்டு போக முடியாது, பத்து நிமிடம்தான் இருக்கிறது என்றால் இரண்டு வேலை மட்டும் செய்யுங்கள்: அடைப்பானைப் பூட்டுங்கள், காபரேற்றர்க் கிண்ணத்தின் ஆணியைத் தளர்த்தி வடியுங்கள். தாங்கியில் உள்ளது கெட்டாலும் காபரேற்றர் தப்பும். எத்தனை வருடம் கழித்து வந்தாலும் பாதி வேலை மிச்சம். உயிருக்கு ஆபத்து என்றால் இதையும் விட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

8. பழைய பெற்றோலை என்ன செய்வது?

இந்தப் பகுதியைப் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

ஓரிரு மாதம் மட்டுமே இருந்து, நிறமும் மணமும் மாறாமல், அடியில் நீர் இல்லாமல் இருந்தால், ஒரு பங்கு பழையதை நான்கு பங்கு புதியதோடு கலந்து மோட்டார் சைக்கிளில் ஓடலாம். புளித்த மணம் வந்ததை எந்த இயந்திரத்திலும் விட வேண்டாம். அதை மூடிய கலனில் வைத்து, கழிவு ஒயில் சேர்க்கும் கராஜ் ஒன்றில் கேட்டுக் கொடுங்கள்.

பழைய பெற்றோலை மண்ணெண்ணெயோடு கலந்து விளக்குக்கு ஒருபோதும் விட வேண்டாம். மண்ணெண்ணெய் 38 பாகை அளவுக்குச் சூடேறினால்தான் அதன் ஆவியில் நெருப்புப் பற்றும். பெற்றோலின் ஆவியோ சுழியத்துக்குக் கீழே 40 பாகைக் குளிரிலும் பற்றும். ஆகவே பெற்றோல் கலந்த விளக்கு வெடிக்கும். கலப்படமில்லாத மண்ணெண்ணெய் விளக்குகூட, சரிந்து விழும் போத்தலாக இருந்தால் ஆளைச் சுடும். எமது நாட்டின் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புற இப்படிச் சுடுபட்டு வந்தவர்களைக் கண்டே, எளிதில் சரியாத, தடித்த கண்ணாடியும் திருகு மூடியும் உள்ள பாதுகாப்பான விளக்கை உருவாக்கினார். அந்த வேலைக்கு 1998 இல் சர்வதேச விருது ஒன்றும் கிடைத்தது. மின்சாரம் இல்லாத கொட்டில்களில் விளக்கு எரிப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

பழைய பெற்றோலையும் எஞ்சின் ஒயிலையும் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்ற வேண்டாம். யாழ்ப்பாணத்தின் சுண்ணாம்புக்கல் நிலத்தில் மேலே ஊற்றுவது விரைவில் கீழே நீரில் சேரும். சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தது 2014 அளவில் எவ்வளவு பெரிய பிரச்சினையானது என்பதை நாம் அறிவோம்.

குழாயை வாயால் உறிஞ்சிப் பெற்றோல் எடுக்க வேண்டாம். ஒரு துளி சுவாசப்பைக்குள் போனாலும் ஆபத்து. பெற்றோலையோ மண்ணெண்ணெயையோ சோடாப் போத்தலில் விட்டு வைக்கவும் வேண்டாம். தாகத்தில் வரும் பிள்ளைக்கு அது தண்ணீர்தான். பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்கப் பண்ணாதீர்கள். வாந்தி எடுக்கும்போதே அது சுவாசப்பைக்குள் போகிறது. உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

பெற்றோல் கானைப் படுக்கும் இடத்திலும் அடுப்படியிலும் வைக்க வேண்டாம். பெற்றோல் ஆவி காற்றிலும் பாரமானது. நிலத்தோடு ஊர்ந்து சென்று தொலைவில் உள்ள அடுப்பிலும் பற்றும்.

9. கூடிச் செய்ய வேண்டியவை

மேலே சொன்ன வேலைகளில் பலத்தை விடப் பொறுமையே அதிகம் வேண்டும். கணவனை இழந்து தனியே தோட்டம் செய்யும் பெண்கள் எமது கிராமங்களில் பலர் உள்ளனர். ஒரு ஜெற் அடைபட்டதற்காக நாட்கணக்கில் ஒருவரை எதிர்பார்த்து நின்று, மிளகாய்க் கன்று வாடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இந்த வேலையைப் பெண்களும் பள்ளி முடித்த பிள்ளைகளும் கற்றுக்கொள்ளட்டும்.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஆயுதப் பெட்டி வாங்க முடியாது. கமக்காரர் அமைப்போ மாதர் சங்கமோ ஒரு பிளக் சாவியும் சில ஸ்பானர்களும் வாங்கி வைத்தால் பத்து வீடுகளுக்குப் போதும். மாரி தொடங்கும்போது ஒரு நாள் எல்லோரும் இயந்திரங்களை ஓரிடத்துக்குக் கொண்டுவந்து வடித்து வைக்கலாம். இறைப்புத் தொடங்குமுன் இன்னொரு நாள் கூடித் துப்புரவாக்கலாம். தெரிந்தவர் ஒருவர் செய்ய, மற்றவர்கள் பார்த்துப் பழகுவார்கள்.

கலந்துரையாடலுக்கு:

1. உங்கள் வீட்டு இயந்திரத்தில் இப்பொழுது உள்ள பெற்றோல் எப்பொழுது வாங்கியது?

2. உங்கள் கிராமத்தில் ஓடாமல் கிடக்கும் இயந்திரங்கள் எத்தனை? அவற்றில் எத்தனை, பெற்றோலை மாற்றிப் பார்க்காமலே கைவிடப்பட்டவை?

3. பெற்றோலும் மண்ணெண்ணெயும் உங்கள் வீட்டில் எங்கே, எந்தக் கலனில் இருக்கின்றன? சிறு பிள்ளையின் கைக்கு எட்டுமா?

4. பொது ஆயுதப் பெட்டி ஒன்றை யார் பொறுப்பில், எந்த ஒழுங்கில் வைத்திருக்கலாம்?

ஓடாத இயந்திரத்தை விற்க முடிவு செய்யுமுன் அரை லீற்றர் புதிய பெற்றோலும் ஒரு நாள் வேலையும் அதற்குக் கொடுத்துப் பாருங்கள். அதன் பிறகும் ஓடாவிட்டால் விலை பேசலாம்.